இன்னும் ஒரே ஒரு கேஸ்

மனித குலத்தில் ‘இன்னும் ஒன்று’ என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெண்ணுக்குப் பதினெட்டு ஜாதகம் பொருந்திய பிறகும் பத்தொன்பதாவதையும் பார்த்துவிடலாமே என்பவர், பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பவர், விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு மறுநாள் அதை மிக அழகாகப் பூர்த்தி செய்து முடிப்பவர், எல்லாரும் இந்த இனந்தான். இவர்கள் சோம்பேறிகள் அல்ல. சோம்பேறி என்றால் திட்டிவிடலாம். காலை முதல் மாலை வரை உழைக்கிறவரை என்ன சொல்லித் திட்டுவது? வேலை நடக்கிறது, முடிவதில்லை. அவ்வளவுதான்.

இந்த இனத்தின் உச்சியில் இருப்பவர்கள் விஞ்ஞானிகள். மற்றவர்கள் செய்தால் தயக்கம் எனப்படுவது, இவர்கள் செய்தால் ‘பொறுப்பு’ ஆகிவிடுகிறது.

கல்கத்தா லேக் மார்க்கெட்டில் என் மாடிவீட்டுக்காரர் டாக்டர் ரங்கராஜன். நாடி பார்க்கிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் குரோமோசோம் என்று நாற்பத்தாறு நூல்துண்டுகள் இருக்கின்றனவாம். நம் மூக்கும் முடியும் அவற்றில்தான் எழுதப்பட்டிருக்கின்றனவாம். ரத்தப் புற்றுநோய்க்காரர்கள் சிலருக்கு அந்த நூலில் ஒன்று உடைந்து இன்னொன்றோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி உடைந்தவர்களுக்கு மருந்தால் ரத்தம் சுத்தமானாலும் நோய் ஆறேழு மாதத்துக்குள் திரும்பி வந்துவிடுகிறது என்று ரங்கராஜன் கண்டுபிடித்திருந்தார். தெரிந்தால் அவர்களை மாதாமாதம் கூப்பிட்டுச் சோதிக்கலாம், வரும்போதே பிடிக்கலாம். தெரியாவிட்டால், குணமாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சின்ன விஷயமா?

கண்டுபிடித்த விதமும் சாமானியமில்லை. நுண்ணோக்கி வழியாகப் படம் எடுத்து, பெரிதாக்கி, நகம் வெட்டும் கத்தரிக்கோலால் ஒவ்வொரு குரோமோசோமாக வெட்டி, சாப்பாட்டு மேஜையில் ஜோடி ஜோடியாக அடுக்குவார். அதனால் அந்த வீட்டில் வைகாசி வெயிலிலும் மின்விசிறி ஓடாது. ஒருமுறை மறந்துபோய் யாரோ சுவிட்சைத் தட்ட, இருபத்திரண்டாம் நம்பர் பறந்துவிட்டது. வீடு முழுக்கத் தேடினார்கள். மறுநாள் அது அப்பளத்தில் ஒட்டிக்கொண்டு அகப்பட்டது. பொரிப்பதற்கு முன் பார்த்தது விஞ்ஞானத்தின் அதிர்ஷ்டம்.

ஆஸ்பத்திரியில் அந்த நோயாளிகளைப் பார்த்துவந்தவர் டாக்டர் பிரதிமா தத்தா. “நீங்கள் சொல்வதை எழுத்தில் கொடுங்கள், நான் வார்டில் விதியாகவே போட்டுவிடுகிறேன்” என்று அந்த அம்மாள் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ரங்கராஜனிடம் பத்தொன்பது கேஸ் இருந்தது. இருபது ஆகட்டும் என்றார். இருபது ஆயிற்று. இருபது என்பது ஜோடித்த கணக்கு மாதிரி இருக்கிறது, இருபத்தொன்று ஆகட்டும் என்றார். இருபத்தொன்றாவது ரத்தம் வந்த அன்று லோட் ஷெட்டிங், அதாவது மின்வெட்டு. உதவியாளர் நிதாய் பாபு குப்பிகளை வெந்நீர்ப் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க அடைகாத்தார். செல்கள் பிழைக்கவில்லை. “ஆர் ஏக்டா, ஸார்?” என்றார் நிதாய் பாபு. இன்னொன்றா என்று அர்த்தம். அன்றிலிருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் ரங்கராஜனுக்கு அதுவே பெயர்.

கட்டுரையை டைப் அடித்தவர் அவர் மனைவி சுலோசனா. ஏழு தடவை அடித்ததில் அது அவருக்கு மனப்பாடம். ‘கேஸ் பதினான்கு: ஆண், வயது முப்பத்தாறு, தமிழர், காப்பி வறுக்கும் தொழில்.’ லேக் மார்க்கெட்டில் அப்படி எத்தனை பேர் இருக்க முடியும்?

எழுபத்தேழாம் வருஷம் துர்கா பூஜைக்கு முந்தின வாரம் சுலோசனா காப்பிப்பொடி வாங்கப் போனார். நெடுநாளாகக் காணாதிருந்த, காப்பி வறுக்கும் உத்தமன் கடையில் நின்று எல்லாருக்கும் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தான்.

“எடுத்துக்குங்க மாமி. ரத்தம் சுத்தமாயிடுச்சு. இனிமே ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.”

சுலோசனா வீட்டுக்கு வந்து லட்டைக் கணவர் முன்னால் வைத்தார்.

“ஏன்னா, கேஸ் பதினாலு குடுத்தான்.”

“பதினாலா? அவனுக்கு உடைப்பு ரொம்பத் தெளிவா இருக்குமே.”

“அவன்கிட்ட சொன்னேளா?”

“எப்படிச் சொல்றது? இன்னும் ஒரே ஒரு கேஸ் வரட்டும். அவசரப்பட்டுச் சொல்லி அது பொய்யாப் போனா?”

“போனா என்ன ஆகும்?”

“என் பேர் கெடும்.”

“நிஜமாப் போனா?”

ரங்கராஜன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். லட்டைத் தொடவில்லை.

மறுநாள் சுலோசனா இரண்டு காரியம் செய்தார். கட்டுரையின் கார்பன் பிரதியை உத்தமனிடம் கொடுத்து டாக்டர் தத்தாவிடம் அனுப்பினார். மூலப் பிரதியை உறையிலிட்டு லண்டன் பத்திரிகைக்குத் தபாலில் சேர்த்தார்.

விஷயம் தெரிந்ததும் ரங்கராஜன் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். துணைக்கு நானும் ஓடினேன். தபாலாபீஸ் அதிகாரி நிதானமான வங்காளி.

“உறைக்குள் தப்பு ஏதாவதா, மோஷாய்?”

“தப்பு இல்லை.”

“விலாசம்?”

“சரியாகத்தான் இருக்கும்.”

“பின்னே ஏன் திரும்ப வேண்டும்?”

“இன்னும் ஒரு கேஸ் பாக்கி.”

“கேஸ் என்றால் அலிப்பூர் கோர்ட்டுக்குப் போங்கள். இது தபாலாபீஸ். பை மூன்று மணிக்கே போய்விட்டது.”

அந்த வாரம் முழுக்க அவர் மனைவியோடு பேசவில்லை. அதற்குள் உத்தமனுக்கு எலும்பு மஜ்ஜையைச் சோதித்துவிட்டார்கள். நோய் வாசற்படியில் வந்து நின்றிருந்தது. உடனே மருந்து ஆரம்பித்தார்கள். ஆறு மாதம் கழித்து வந்திருந்தால் படுக்கையே தேவைப்பட்டிருக்காது, ஆளே இருந்திருக்க மாட்டான் என்று டாக்டர் தத்தா டெலிபோனில் சொன்னதும், ரங்கராஜன் முதல்முறையாக வார்டுக்குப் போய்த் தான் யாரென்று சொன்னார். உத்தமனின் செல்களை நூறு தடவையாவது பார்த்திருப்பார். முகத்தை அன்றுதான் பார்த்தார்.

“உங்க வீட்டு மாமி சொல்லித்தான் வந்தேன் ஸார். அவங்களுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு.”

ரங்கராஜன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “எனக்குத் தெரியும்ப்பா,” என்றார். “எனக்கு முன்னாடியே தெரியும்.”

அன்று வீட்டுக்கு வந்து அதையே மனைவியிடமும் சொன்னாராம்.

கட்டுரை நான்கு மாதத்தில் ஏற்கப்பட்டது. லண்டன்காரர்கள் திருத்தியது இரண்டே இரண்டு கமா. டாக்டர் தத்தா அச்சாவதற்குக் காத்திராமல் வார்டில் விதியைப் போட்டார். உத்தமன் இந்த மூன்று வருஷமாகக் காப்பி வறுத்துக்கொண்டிருக்கிறான். குணம் என்ற வார்த்தையை மட்டும் அந்த அம்மாள் இப்போது சொல்வதில்லை, அடுத்த மாதம் வா என்கிறார். ரங்கராஜன் திருந்திவிட்டாரா என்கிறீர்களா? இரண்டாவது கட்டுரை முப்பத்திரண்டு கேஸில் நிற்கிறது. ஆனால் டாக்டர் தத்தாவுக்கு வாரா வாரம் ஒரு சீட்டு போகிறது: ‘நிச்சயமில்லை. இருந்தாலும் இவர்களைக் கூப்பிட்டுப் பாருங்கள்.’ அந்த ‘இருந்தாலும்’ என்ற வார்த்தையைக் கற்றுக்கொள்ள அந்த மனிதருக்கு நாற்பத்தெட்டு வயதாயிற்று.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் யாரோ ஒருவருக்குச் சொல்லியே ஆகவேண்டிய ஒரு விஷயம், நல்ல நேரம் வரட்டும், சரியான வார்த்தை கிடைக்கட்டும் என்று உங்களிடம் எத்தனை நாளாகக் கிடக்கிறது? நான் கேட்கவில்லை. கேட்கப்போகிறவர் ஒருநாள் வாசலில் வந்து நின்று, “உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வதென்று மட்டும் இப்போதே யோசித்து வையுங்கள்.