நாய் எழும்பினால் சத்தம் போதும்

வடமராட்சியில் குழாய் அண்ணையைப் போல நாய்களை நம்பிய மனிதர் இன்னும் பிறக்கவில்லை. உடுப்பிட்டிச் சுற்றுவட்டாரத்துத் திருவிழாக்களுக்கெல்லாம் ஒலிபெருக்கி கட்டுபவர் அவர். குழாயை மரத்தில் ஏற்றியதும் வீதியில் படுத்திருக்கும் நாயைப் பார்ப்பார். அது எழும்பி ஓடினால் சத்தம் போதும். ஓடாவிட்டால் இன்னும் கூட்டுவார்.

குழாயின் கீழே நின்று "அடியார்களே!" என்று முழங்கும் அறிவிப்பாளன் நான். நாய்க்கு இருந்த புத்தி எனக்கு இருக்கவில்லை.

போன தேர்த் திருவிழாவுக்குப் பிறகு காதுக்குள் ஒரு கூவல் தொடங்கி நிற்கவேயில்லை. முற்றத்து அணில்கள் ஊரைவிட்டுப் போய்விட்டன என்றேன் மனைவியிடம். "உந்தா, உங்கடை தலைக்கு மேலை நிண்டு கத்துது" என்றாள்.

அண்ணையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"எனக்கும் உப்பிடித்தான் தொடங்கினது, தம்பி" என்றுவிட்டு, திரும்பிக் குழாயைத் துடைத்தார்.

"பிறகு எப்பிடி மாறினது?"

அவர் குழாயைத் துடைத்தார். கத்திக் கேட்டேன். துடைத்துக்கொண்டே இருந்தார். இத்தனை காலமும் அவர் என் வாயைப் பார்த்துக் கதைத்தது மரியாதையால் அல்ல என்று அப்போதுதான் விளங்கியது. அவரையும் இழுத்துக்கொண்டு ஆசுப்பத்திரிக்குப் போனேன்.

கண்ணாடி அறையில் எனக்குக் காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். பயத்தில் அமத்தித் தள்ளினேன்.

"ஐயா, நான் இன்னும் சத்தம் போடவேயில்லை" என்றா இளம்பெண்ணான டொக்டர் பிள்ளை.

பிறகு அண்ணை. ஒன்றும் தவறவிடாமல் அமத்தினார். அசந்துபோனேன். டொக்டர் பிள்ளை அவருடைய கண்ணைக் கவனித்தா. அது, சத்தம் போடுகிற பொத்தானை அமத்தும் அவவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தது. கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டா. அதற்குப் பிறகு அண்ணையின் கை அசையவேயில்லை. அந்த முதுகைப் பார்த்தபடி நான் என் காதைப் பொத்திக்கொண்டேன்.

"உட்காதிலை செத்த உயிர்க்கலங்கள் திரும்ப முளைக்காது. மருந்துமில்லை. உங்களுக்கு மிச்சமிருக்கிறதைக் காப்பாத்தலாம், ஐயா. அவருக்குக் காது மிஷின்தான்" என்றா.

அடுத்த திருவிழாவுக்கு அண்ணை மிஷின் மாட்டிக்கொண்டு வந்தார். நான் "அடியார்களே!" என்றதும் திடுக்கிட்டு ஓடிவந்தார்.

"டேய், உதுதானோ உன்ரை குரல்? இந்தத் தகரக் குரலுக்கோ நான் இவ்வளவு காலமும் குழாய் கட்டினனான்?"

சொல்லிவிட்டுச் சத்தத்தைப் பாதிக்குமேல் குறைத்தார். எனக்கென்று வாங்கி வைத்திருந்த காதடைப்பான்களையும் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். வீதியில் நாய் அசையாமல் நித்திரை கொண்டது. அண்ணை அதைப் பார்க்கவில்லை. என் காதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.