ப்ரொன்காவின் கல்யாணமும் ஓர் உள்நாட்டுப் போரும்

விடிந்தும் விடியாததுமாக, ஸ்ருதி சேர்க்கும்போதே, ஆளுயரப் பேஸ் வயலினின் தடித்த நரம்பு ‘டப்’பென்று அறுந்தது.

“ரொம்ப நல்ல சகுனம்!” என்றார் வாலென்டி, பல்லைக் கடித்துக்கொண்டு. கல்யாணப் பெண்ணின் அப்பா அவர். வாத்தியத்தைக் கட்டிப்பிடித்தபடி விழித்துக்கொண்டிருந்தவன் அவருடைய மைத்துனன் குபா.

“நான் என்ன அத்தான் பண்ணுவேன்? ஆட்டுக்குடல் நரம்பு. வயசாயிடுச்சு.”

“எனக்குந்தான் வயசாயிடுச்சு. நான் அறுந்தா போயிட்டேன்? பேஸ் இல்லாம போய் நின்னா சம்பந்தியம்மா வாசல்லயே மானத்தை வாங்கிடுவா. போடா, எங்கயாவது ஒண்ணு புடிச்சுட்டு வா!”

குபா ஓடினான்.

வாலென்டியின் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. அன்று ஜூன் மாதக் கடைசி நாள். ஜூலையில் மோதிரம் மாற்றினால் குடித்தனம் விளங்காது என்பது ஊர் நம்பிக்கை. இன்று விட்டால் ஆகஸ்ட்தான். அதுவரை சம்பந்தியம்மா சும்மா இருக்கமாட்டாள்; மாவுமில்காரர் மகள்மேல் அவளுக்கு ஏற்கெனவே ஒரு கண்.

போதாக்குறைக்கு நாடே இரண்டுபட்டுக் கிடந்தது. மே மாதம் தலைநகர் வார்சாவில் தொடங்கிய சண்டை முடிகிற வழியாக இல்லை. ஆற்றுக்கு இக்கரையில் ஆட்சியைப் பிடிக்கக் கிளம்பிய மார்ஷலின் படை, அக்கரையில் அரசாங்கத்தின் படை. பெரியவர்கள் எங்கேயோ உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு முறிந்தால் போலந்துக்காரனைப் போலந்துக்காரனே சுடவேண்டியதுதான். முடிவு எந்த நேரமும் ஊரின் ஒரே தந்தி லைனில் வரலாம் என்று இரண்டு படையும் காத்திருந்தன. நல்லவேளை, நேற்றுவரை ஊர்க்காரர்களைப் பாலத்தில் தடுக்கவில்லை. சர்ச்சும் மாப்பிள்ளை வீடும் அக்கரையில்தான்.

குபா மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். “மாட்டியாச்சு அத்தான்! இந்த ஜென்மத்துல அறாது. இதான் என் மொய்.”

வில்லை இழுத்தான். ‘ங்ஙொய்ங்!’ தெருநாய்கள் ஓடி ஒளிந்தன. வண்டிக் குதிரை காதை விறைத்துக்கொண்டது. சத்தம் என்று ஒன்று வந்ததே போதும் என்று வாலென்டி வண்டியை ஜோடிக்கப் போய்விட்டார்.

பெண்ணையும் கூட்டத்தையும் ஏற்றிக்கொண்டு பாலத்துக்கு வந்தபோது வழி அடைத்திருந்தது. மரக்கட்டைகள், கவிழ்த்துப் போட்ட வண்டி, மேலே பச்சைப் பைன் கிளைகள். வாலென்டியின் முகம் மலர்ந்தது. கல்யாண ஊர்வலத்தை வழிமறித்து வோட்கா வாங்கிக்கொண்டு விடுவது அந்தப் பக்கத்து வழக்கம். மற்றவர்களுக்கெல்லாம் ஒரு கயிறு, இரண்டு கிளை, அவ்வளவுதான். தன் மகளுக்கோ பட்டாளமே வந்து மறித்திருக்கிறது!

“தெக்லா, பாத்தியாடி? துப்பாக்கியெல்லாம் வச்சு ஜோடிச்சிருக்காங்க!” என்று மனைவியிடம் பூரித்தார்.

“நில்!” என்று கத்தினார் இக்கரைப் படையின் மீசைக் கேப்டன்.

“நிக்காம எங்க போகப்போறோம்? இந்தாங்க தம்பிகளா!” வைக்கோலுக்குள் ஒளித்து வைத்திருந்த பாட்டில்களை எடுத்து நீட்டினார் வாலென்டி.

சிப்பாய்கள் எல்லாரும் கிராமத்துப் பிள்ளைகள். “வாங்காதே!” என்று கேப்டன் சொல்லி முடிப்பதற்குள் பாதி பாட்டில் காலி.

“யோவ், விளையாட்டா இது? காலையிலேர்ந்து தந்தி செத்துக் கிடக்கு. லைனை அக்கரைக்காரன் அறுத்துட்டான். அப்படின்னா யுத்தம்னு அர்த்தம். மத்தியான மணி அடிச்சதும் சுடப்போறோம்!”

“குடிச்சுட்டு வழி விடலைன்னா பாவம் சார்,” என்றான் ஒரு சிப்பாய், கட்டையை நகர்த்திக்கொண்டே.

வண்டி பாலத்தில் ஏறியது. பாட்டில் கைக்கு எட்டாத சிப்பாய்கள் அதன் பின்னாலேயே ஓடினார்கள். அவர்களைத் தடுக்கக் கேப்டனும் ஓடினார்.

அக்கரையில் நின்ற கண்ணாடிக் கேப்டனுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? முன்னால் ஒரு வண்டி, அதன் மறைவில் எதிரிப் படை. “இதுக்குத்தான் தந்தியை அறுத்தானுங்களா! குறி பாருங்கடா!”

துப்பாக்கிகள் வரிசையாக நிமிர்ந்தன. ஜோடனை இல்லை என்பது வாலென்டிக்கு அப்போதுதான் உறைத்தது. மகளைப் பார்த்தார்.

“குபா, வாசிடா! கல்யாணம்னு தெரியட்டும்!”

‘ங்ஙொய்ங்!’

அதுவரை பொறுத்திருந்த குதிரை பிய்த்துக்கொண்டு ஓடியது. வண்டி அக்கரைத் தடுப்பில் போய் முட்டி நின்றது. தெக்லாவின் மடியில் இருந்த உருண்டைக் கல்யாண ரொட்டி பறந்தது. “வெடிகுண்டு!” என்று அலறிக்கொண்டு கண்ணாடிக் கேப்டன் தரையில் விழுந்து படுத்தார்.

மலர்க்கிரீடம் ஒரு காதில் தொங்க, கல்யாணப் பெண் ப்ரொன்கா எழுந்து நின்றாள். “எந்திரிங்க சார்! இன்னிக்குக் கல்யாணம் நடக்கலைன்னா ஆகஸ்ட் வரைக்கும் என் மாமியாரை யாரு சமாளிப்பா? நீங்களா?”

சிப்பாய்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் மட்டும் முறைத்தான். “அவனுங்களுக்கு வோட்கா, நமக்கு ரொட்டியா? இதென்ன ஓரவஞ்சனை?”

“அதானே!” துப்பாக்கிகள் மறுபடி நிமிர்ந்தன.

வாலென்டி வைக்கோலுக்குள் துழாவினார். வைக்கோல்தான் இருந்தது. “கோவிச்சுக்காதீங்க தம்பிகளா! ரெண்டு பட்டாளமும் கல்யாணத்துக்கே வந்துடுங்க! சம்பந்தி வீட்ல பீப்பா பீப்பாயா இருக்கு!”

“ஏங்க, அவங்க வீட்டு வோட்காவை நீங்க எப்படி...” என்று தெக்லா இழுப்பதற்குள் இரண்டு படையும் நடக்க ஆரம்பித்துவிட்டன.

மத்தியானம் சர்ச் மணி அடித்தது. யாரும் சுடவில்லை. ப்ரொன்கா மோதிரம் மாற்றிக்கொண்டாள். வாலென்டி வெட்கமில்லாமல் அழுதார்.

மாப்பிள்ளை வீட்டுத் தோட்டத்தில் துப்பாக்கிகள் ஆப்பிள் மரங்களில் சாய்ந்து கிடந்தன. மீசைக் கேப்டன் சம்பந்தியம்மாவோடு போல்கா ஆடினார். கண்ணாடிக் கேப்டன் தன் முறைக்காகக் காத்திருந்தார். சம்பந்தியம்மாவுக்கு மாவுமில்காரர் மகள் அடியோடு மறந்துபோனாள். ‘ங்ஙொய்ங்’ என்றது குபாவின் பேஸ். அதுகூட இப்போது இனிமையாகத்தான் இருந்தது.

“வாலென்டி இல்லேன்னா இன்னிக்கு நாடே பத்தி எரிஞ்சிருக்கும்!” என்று மீசைக் கேப்டன் கோப்பையை உயர்த்தினார்.

“பாலத்துலயே சிலை வைக்கணும்!” என்றார் கண்ணாடிக் கேப்டன்.

வாலென்டி பெஞ்சின்மேல் ஏறினார். “சிலையெல்லாம் எதுக்குங்க? ஏதோ என்னால ஆனது. ஒரு போரை நிறுத்த ஒரே ஒரு மனுஷன் போதும்...”

அப்போது தோளில் ஏணியோடு, வியர்க்க விறுவிறுக்க, போஸ்ட் மாஸ்டர் உள்ளே வந்தார். பக்கத்து ஊர்த் தந்தி ஆபீஸ் வரை நடந்து போய்த் திரும்பிய களைப்பு முகத்தில் தெரிந்தது. யாருக்கும் வணக்கம் சொல்லாமல் நேரே குபாவிடம் போனார். பேஸின் தடித்த நரம்பை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு பெஞ்சின் மேலே நிமிர்ந்து பார்த்தார்.

“நேத்து ராத்திரியே ரெண்டு தரப்பும் சமாதானம் ஆயிட்டாங்க, வாலென்டி. அந்தச் சேதி காலையில வரவேண்டிய கம்பியிலதான் உங்க மச்சினன் போல்கா வாசிச்சுட்டிருக்கான்!”