பதினாலு ஆதரவு வாங்கின பாட்டில்

ஒரு காட்டுல செங்கமலம்னு ஒரு முள்ளம்பன்றி. குத்தும்னு பயந்து ஒருத்தரும் அதை எங்கயும் கூட்டிட்டுப் போக மாட்டாங்க. சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது வெளியூர் பாத்துடணும்னு அதுக்கு ஆசை.

அந்த வருசம் வெளிநாட்டுலேருந்து ஒரு பூநாரை வந்து எறங்குச்சு. கழுத்துல அட்டை: ‘உலகப் படிகச் சங்கம், பின்தங்கிய காடுகள் ஆதரவுப் பிரிவு.’

“படிகம்னா கல்கண்டு மாதிரி. எக்ஸ்ரே விட்டுப் பாத்தா உள்ள அணுவெல்லாம் வரிசையா நிக்கிறது தெரியும்”னுச்சு பூநாரை.

“தள்ளுமுள்ளு இல்லாமயா?”ன்னுச்சு எருமை. “அப்ப நம்ம காட்டு அணு இல்ல.”

“ஒரு பாட்டில்ல சுடுதண்ணி ஊத்திப் படிகாரத்தைக் கரைங்க. சின்னத் துண்டு ஒண்ணை நூல்ல கட்டித் தொங்கவிடுங்க. பாட்டிலை அசைக்கக் கூடாது. பெருசா வளத்தா வெளிநாட்டு மாநாட்டுக்கு டிக்கெட்.”

செங்கமலத்துக்கு வசதியாப் போச்சு. அது கிட்ட எவன் வந்து அசைக்கப் போறான்? மூணே நாள்ல துவரம்பருப்பு சைசுக்குப் படிகம் வந்துடுச்சு.

நாலாம் நாள் குரங்கு ஒண்ணு ஃபாரத்தோட வந்துச்சு. “அக்கா, நான்தான் மாவட்ட ஒருங்கிணைப்பாளர். ஆதரவு குடுக்க வந்திருக்கேன்.”

“வேணாம்ப்பா, அது தானா வளருது.”

“தானா வளந்தா எனக்கு என்னக்கா வேலை?” நூலை உருவுச்சு, ஸ்கேல் வச்சு அளந்துச்சு, போட்டோ புடிச்சுச்சு, திரும்ப உள்ள போட்டு நல்லாக் குலுக்குச்சு. ஃபாரத்துல ஒரு கேள்வி, ‘படிகத்தைத் தொட்டுப் பார்த்தீர்களா?’ அதுக்கு ரெண்டு கட்டம். ரெண்டுலயும் ‘ஆம்’.

அப்புறம் கரடி வந்து ஊக்கம் குடுக்கறேன்னு பாட்டில் முதுகுல தட்டுச்சு. மான் கூட்டம் செல்ஃபி எடுத்துச்சு. இப்படியே பதினாலு ஆதரவு. கடைசியில மிஞ்சுனது கலங்கின தண்ணியும் வெறும் நூலும்தான்.

முடிவு சொல்ற அன்னிக்கு எருமை ஒரு படிகத்தைத் தூக்கிட்டு வந்துச்சு. மாங்கா சைசு.

பூநாரை கழுத்தை நீட்டிப் பாத்துச்சு. “எப்படிப்பா வளத்த?”

“பாறைக்குப் பின்னாடி வச்சேன் மேடம். மறந்துட்டேன்.”

“எத்தனை ஆதரவு வாங்கின?”

“ஒண்ணும் இல்லீங்க.”

“அப்ப நான் ரிப்போர்ட்ல என்னத்த எழுதுறது? தள்ளுபடி.”

“சரி விடுங்க, முதுகு சொறிய ஆகும்”னு எருமை போயிடுச்சு.

டிக்கெட் செங்கமலத்துக்கு. “பதினாலு ஆதரவு வாங்கிருக்கம்மா. எந்தக் காட்டுலயும் இப்படி நடந்ததில்ல.”

“மேடம், படிகம் இல்லையே?”

“அதை யாரும்மா கேக்கப் போறாங்க?”

நெசமாவே யாரும் கேக்கல. மாநாட்டுல கை தட்டுனாங்க, மாலை போட்டாங்க, பக்கத்து நாட்டுக் காட்டுக்கு ஆதரவு அதிகாரியாவும் போட்டுட்டாங்க.

அங்க ஒரு முயலு பட்டாணி சைசுக்குப் படிகம் வளத்து, மூச்சு விடாம காவல் காத்துட்டு இருந்துச்சு.

“நகரு கண்ணு, ஆதரவு குடுக்க வந்திருக்கேன்”னு சொல்லி, செங்கமலம் முதுகுலேருந்து ஒரு முள்ளை உருவி பாட்டிலைக் கலக்குச்சு.

நீதி: படிகம் வளரணும்னா பாட்டிலைத் தொடாதே. நீ வளரணும்னா அடுத்தவன் பாட்டிலைத் தொடு.