ஆவுடையப்பன் கட்டிய பூ

இந்த ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஒரு குடம் தண்ணிகூடச் சுமப்பதில்லை என்று ஆவுடையப்பன் முடிவெடுத்துவிட்டான். சும்மா எடுத்த முடிவா? போன தபசுக்கு, அதாவது எழுபத்தெட்டாம் வருசம், கரிவலம்வந்தநல்லூரிலிருந்து மாமியார் வீட்டு ஆட்கள் ஒரு பஸ்ஸையே நிறைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். டிரைவரும் கண்டக்டரும்கூடச் சொந்தம் சொல்லிச் சாப்பிட உட்கார்ந்தார்கள். தெருக்குழாய்க்கும் வீட்டுக்கும் மூன்று நாள் நடந்த நடைக்கு அவன் ராமேஸ்வரம் போய்த் திரும்பியிருக்கலாம். தோளில் விழுந்த பள்ளத்தில் இன்றைக்கும் குடம் வைத்தால் ஆடாமல் நிற்கும்.

இந்த வருசம் கூட வேலை பார்க்கும் மருதப்பன் கூப்பிட்டிருந்தான். விசைத்தறிக்கூடத்து ஆட்கள் எட்டுப் பேர், ஒரு வேன், மூன்று நாள் குத்தாலம். சாரல் வேறு அடிக்கிறது.

பெண்டாட்டி ஞானபூரணத்திடம் யார் சொல்வது?

அவள் வீட்டு முன்னறையில் பன்னிரண்டு பொடிசுகளுக்குப் பாடம் நடத்துகிறவள். அ, ஆவோடு விட்டாளா? பிஸ்கட் டப்பாவில் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக் குலுக்குவாள்.

"உள்ள எல்லாமே சிவப்பு. கைய விட்டா சிவப்பு வருமா?"

"கண்டிப்பா வரும் டீச்சர்!"

"வெள்ளை?"

"வரவே வராது!"

"ரெண்டும் கலந்து கெடந்தா?"

"வரலாம், வராமலும் போகலாம்!"

"உள்ள என்ன கெடக்குன்னே தெரியலன்னா?"

"அப்பவும் வரலாம்தான் டீச்சர்! வரவே வராதுன்னு உள்ள பாத்தவுகதான் சொல்லணும்!"

"ஏட்டி, பால் மணம் மாறாத பிள்ளைகளுக்குச் சூதாட்டமா சொல்லிக்குடுக்க?" என்று சிரிப்பான் ஆவுடையப்பன். சிரித்தவனுக்கு அதிலேயே யோசனையும் பிறந்தது.

"குத்தாலமா, குடமான்னு பூக் கட்டிப் பாத்துருவோம் பூரணம். ஒரு பொட்டலத்துல வெள்ளைப்பூ, ஒண்ணுல சிவப்பு. வெள்ளை வந்தா போறேன். சிவப்பு வந்தா இருக்கேன். அம்மன் விட்ட வழி."

"அப்பம் கோமதியம்மன் சன்னதிக்கே போவோமே."

சன்னதியில் போய்த் திருட்டுப்பூ வைக்க நெஞ்சு வேண்டாமா?

"அங்கன ஒரே கூட்டம். வீட்டுப் படத்துல இருக்கதும் அம்மன்தான?"

"அதுவும் சரிதான். நீங்களே கட்டி வைங்க."

இவ்வளவு லேசாக அவள் எதற்குமே தலையாட்டியதில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வாழையிலைத் துண்டில் ஒரு பொட்டலம். உள்ளே வெள்ளை நந்தியாவட்டை. இன்னொரு பொட்டலம். அதிலும் நந்தியாவட்டை. பேருக்குப் பறித்து வந்த செவ்வரளிக் கொத்து சட்டைப்பையில் தூங்கியது. படத்துக்கு முன்னால் இரண்டையும் வைத்தான். சட்டையைக் கொடியில் போட்டுவிட்டுக் கால் முகம் கழுவப் போனான். திரும்பி வந்தால் பன்னிரண்டு பிள்ளைகளும் படத்தைச் சுற்றிச் சப்பணம்.

"மூக்காண்டி, ஒண்ணை எடு மக்கா," என்றாள் ஞானபூரணம்.

மூக்காண்டி எடுத்தான். பிரித்தான். செவ்வரளி!

ஆவுடையப்பனுக்கு மயிர்க்கால் ஒவ்வொன்றும் எழுந்து நின்றது. வெள்ளையைச் சிவப்பாக்கிவிட்டாளே அம்மன்! என் வீட்டிலா! கை இரண்டும் தானாக மேலே போய்க் குவிந்தன. வாய் மட்டும் அடங்கவில்லை.

"சிவப்பு வரவே வராதே!"

முன்பல் விழுந்த ரசீதா எழுந்தாள். வயசு ஆறு.

"டீச்சர், மாமா வரவே வராதுன்னு சொல்லுதாக."

"ஆமா. அவுகதான கட்டுனாக? உள்ள இருக்கது தெரியாதா?"

"ஒண்ணுல சிவப்பு, ஒண்ணுல வெள்ளை வச்சிருந்தா வரலாம்னுல்லா சொல்லணும்? வரவே வராதுன்னா..." பிள்ளை விரலை மடக்கி யோசித்தது. "ரெண்டுலயும் வெள்ளை வச்சவுகதான் டீச்சர் அப்படிச் சொல்ல முடியும்!"

அம்மனைக் கும்பிட்ட கையை இறக்காமலே ஆவுடையப்பன் அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பினான். சத்தியமாகச் சொல்கிறேன், கோர்ட்டு வக்கீலைப் பார்த்துக்கூட எவனும் அப்படிக் கும்பிட்டிருக்க மாட்டான்.

அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. பாய்ந்து அடுத்த பொட்டலத்தைப் பிரித்தான். அதிலும் செவ்வரளி. கொடியில் கிடந்த சட்டையைத் தடவினான். பை காலி. ஞானபூரணத்தின் கொண்டையில், காலையில் இல்லாத இரண்டு நந்தியாவட்டை.

"இதுலயும் சிவப்பா? அப்பம்..." ரசீதாவின் கண் மெதுவாக டீச்சர் பக்கம் திரும்பியது.

"பெல்லு அடிச்சாச்சு! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!" என்றாள் ஞானபூரணம், பெல்லே இல்லாத பள்ளிக்கூடத்தில்.

பிள்ளைகள் ஓடி முடிந்ததும் ஆவுடையப்பன் இரண்டு செவ்வரளியையும் படத்துக்கே வைத்தான். பிறகு, அடிபட்ட குரலில் கேட்டான்: "இந்தத் தபசுக்கு உங்க ஊர்லருந்து எத்தனை பேரு வருவாக?"

"இருவதும் வரலாம், முப்பதும் வரலாம்," என்றாள் அவள், குடத்தை அவன் தோள் பள்ளத்தில் வைத்துப் பார்த்தபடி. "கண்டிப்புன்னா இது ஒண்ணுதான்."