மாதிரிக்கு ஒன்று

அறம் என்பது இந்த மண்ணில் நெடுங்காலமாக, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்ற ஒழுங்கற்ற நிலையில் கிடந்தது. அதற்கு ஒரு குழு அமைத்து, டெண்டர் விட்டு, கொட்டேஷன் வாங்கி, முத்திரை குத்திக் கொள்முதல் செய்யத் தொடங்கிய பெருமை, திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகும் சாலையில் இருந்த ஒரு தனியார் பல்கலைக்கழகத்தையே சேரும். நடந்தது 2006இல். அந்தப் பெருமையில் பெரும்பங்கு கொள்முதல் அலுவலர் மதியழகனுக்கு உரியது.

மதியழகன் நல்லவர். அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். சாக்பீஸ், பினாயில், விடுதிக்கு அரிசி என்று எது மலிவோ அதை வாங்கிப் போட்டு நிம்மதியாகத்தான் இருந்தார். டெல்லியில் ஒரு மாநாட்டுக்குப் போய்வந்த துணைவேந்தர் அந்த நிம்மதியைக் கெடுத்தார்.

"மதியழகன், இனிமே நாம வாங்குற ஒவ்வொரு பொருளுக்கும் மனசாட்சி இருக்கணும்."

"எந்தக் கம்பெனி மனசாட்சி சார்?" என்று மதியழகன் பேனாவைத் திறந்தார்.

துணைவேந்தர் விளக்கினார். பொருள் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அதைச் செய்தவர்கள் சந்தோஷமாக இருக்க வேண்டும். பூமியும் சந்தோஷமாக இருக்க வேண்டும். இரண்டும் சந்தோஷமாக இருப்பதாகக் காட்டிவிட்டால் டெல்லியில் ஒரு விருது இருக்கிறது. விருதுக் குழு பட்டமளிப்பு விழாவன்று நேரில் வருகிறது.

அன்றே 'அறநெறிக் கொள்முதல் குழு' பிறந்தது. துணைவேந்தர் தலைவர், சுற்றுச்சூழல் துறைப் பேராசிரியர் ஸ்டான்லி அறிவுரைஞர், மதியழகன் செயலர். 'அறநெறி வாரம்' அறிவிக்கப்பட்டது. ஊழியர்கள் எல்லோருக்கும் தோளில் போட்டுக்கொள்ள 'அறநெறித் தூதர்' என்று அச்சடித்த பச்சைப் பட்டை கொடுத்தார்கள். போட்டோவில் ஆள் குறைகிறது என்று பெருக்குகிற சிவனம்மாளுக்கும் ஒன்று கிடைத்தது. அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, பட்டையைப் போட்டுக்கொண்டு, துணைவேந்தருக்குப் பின்னால் நின்றாள்.

குழுவின் முதல் சாதனை, பட்டமளிப்பு விழாவில் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறைக்குப் பதிலாகத் துணிப்பையில் போட்டுக் கொடுப்பது என்ற புரட்சி. பருத்தியிலிருந்து பைவரை ஒரே இடத்தில் செய்து தர வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில் முன்வந்தது. மில்லை ஒட்டியே தையல் கூடமும் உண்டு. அந்த மில்லுக்கு அயல்நாட்டுச் சான்றிதழ் ஒன்று கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததால், அது அறமுடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. இருந்தாலும் நேரில் பார்த்துவிட்டு வருவதுதான் முறை.

புறப்படும் நாள் காலையில் சிவனம்மாள் மதியழகனின் மேசை ஓரத்தில் வந்து நின்றாள்.

"சார், அந்த மில்லுலதான் எம்மக அறிவுச்செல்வி இருக்கா. மூணு வருசம் அங்கனயே தங்கி வேல பாத்தா, கடைசில மொத்தமா ஒரு பணம் தருவாங்களாம், கலியாணத்துக்கு. அவுக அப்பா செத்த கையோட எங்கண்ணன்தான் கொண்டுபோயி விட்டாரு. போன் போட்டா குடுக்க மாட்டேங்குறாங்க சார். செத்த நேரம் அவளப் பாத்துட்டு வாங்க."

"நாங்க போறதே அதுக்குத்தானே" என்றார் மதியழகன். அப்படிச் சொன்னபோது அவருக்கே கண் லேசாகக் கலங்கியது. நல்லவர் என்றேனே.

மில் வாசலில் ஒட்டன்சத்திரத்துக்கார மேனேஜர் மாலையோடு நின்றார். "வாங்க சார், வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க, இளநி சாப்பிடுங்க." ஸ்ட்ரா இல்லாமல் இளநீர் குடித்து, குழு தன் ஆய்வைத் தொடங்கியது.

பஞ்சு பறக்கும் கூடத்தை வாசலில் நின்றே பார்த்தார்கள். உள்ளே போனால் இருமல் வரும் என்று மேனேஜர் அக்கறையோடு தடுத்தார். உள்ளே இருந்தவர்களைப் பற்றி யாரும் கேட்காததால் அவரும் சொல்லவில்லை. அப்புறம் பெண்கள் விடுதி. கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது.

"பூட்டி வச்சிருக்கீங்க?" என்றார் மதியழகன்.

"பாதுகாப்புங்க சார். வயசுப் புள்ளைங்க."

பேராசிரியர் ஸ்டான்லி குனிந்து பூட்டைத் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இது திண்டுக்கல் பூட்டுல்ல?"

"ஆமாங்க சார். நம்ம ஊரு மாங்காய்ப் பூட்டு. கையால செஞ்சதுங்க."

"பாருங்க மதியழகன்! அலிகார்லேருந்து லாரில வரவழைக்கல. உள்ளூர்க் கொள்முதல், டீசல் மிச்சம், பூமிக்குப் பாரமில்ல."

பூட்டுக்கு முழு மதிப்பெண் விழுந்தது. பூட்டுக்கு உள்ளே இருந்தவற்றுக்கு மதிப்பெண் போட ஏற்பாடு இல்லை.

அறிவுச்செல்வியை வரவழைத்தார்கள். பாக்கெட்டிலிருந்து அப்போதுதான் பிரித்த சீருடை, மடிப்பு கலையவில்லை. புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"சந்தோஷமா இருக்கியாம்மா?"

அவள் மேனேஜரைப் பார்த்தாள். "இருக்கேன் சார்."

"ஏதாவது குறை?"

"அம்மாவ வரச் சொல்லுங்க சார்."

"ஏம்மா?"

"சும்மாதான்." மேனேஜர் சிரித்தார். அவள் மறுபடியும், கொஞ்சம் மெதுவாக, "வரச் சொல்லுங்க சார்" என்றாள்.

மதியழகனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று புரண்டது. அந்தக் கையை வெளியே எடுக்கச் சொல்லலாமா என்று நினைத்தார். அதற்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆய்வு செய்யப் போன இடத்தில் பிரியாணி சாப்பிடலாமா என்ற அறநெறிச் சிக்கலை ஸ்டான்லி தீர்த்து வைத்தார். வாழை இலை மக்கிவிடும், எலும்பு நாய்க்குப் போகும், ஆகவே கழிவு என்று எதுவும் இல்லை. கறி அருமையாக வெந்திருந்தது. மதியழகனின் நெஞ்சில் புரண்டது, சோடா குடித்ததும் அடங்கியது.

மறுநாள் சிவனம்மாள் ஓடிவந்தாள். "பாத்தீங்களா சார்? எப்படி இருக்கா?"

"ஜம்முன்னு இருக்கா. கொஞ்சம் வெளுத்துக்கூட இருக்கா."

"கறுத்த பிள்ள சார் அது." சிவனம்மாள் யோசித்தாள். "சிரிச்சாளா?"

"அதெல்லாம் நாங்க கேக்கல. உன்னைய வரச் சொன்னா."

சிவனம்மாள் அன்று அரைநாள் லீவு போட்டுப் போனாள். மாதம் ஒருமுறைதான் பார்க்கவிடுவோம், அதுவும் கூட்டிவந்து விட்டவர் வந்தால்தான் என்று காவல்காரன் திருப்பி அனுப்பிவிட்டான். கேட்டுக்கு வெளியே நின்று மகள் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். மிஷின் சத்தத்தில் அது உள்ளே போகவில்லை. இதையெல்லாம் அவள் வந்து சொன்னபோது மதியழகன், "அது அவங்க நிர்வாக விஷயம்மா, நம்ம குழு தலையிட முடியாது" என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். பொறுமையும் அறம்தான்.

அடுத்த வாரம் மேனேஜரிடமிருந்து போன் வந்தது.

"ஏனுங்க சார், உங்க அம்மா வந்துட்டுப் போயிட்டாங்க. ஆர்டருக்கு ஒண்ணும் பங்கம் இல்லீங்களே?"

"எங்கம்மா செத்து ரொம்ப நாளாச்சேங்க."

"பச்சைப் பட்டை போட்ட அம்மாங்க சார். மறு ஆய்வுன்னாங்க. வேற ஷிப்டுக் காவல்காரனுங்க, பட்டையை வாசிச்சுட்டு உள்ள விட்டுட்டான். ரொம்பக் கறாரான அம்மாங்க! கக்கூஸைத் திறந்து பாத்தாங்க. நீங்கல்லாம் வந்தப்ப அதைப் பாக்கலீங்களே, நாங்க கழுவி வைக்கலீங்க. அப்புறம் மெஸ்ஸுக்குப் போயி, சாம்பாரை ஒரு டம்ளர் மோந்து என்கிட்ட நீட்டி, குடிங்கன்னாங்க."

"குடிச்சீங்களா?"

"ஆர்டர் இருக்குதுங்களே. குடிச்சேனுங்க. ரெண்டு நாளா வயிறு சரியில்லீங்க." மேனேஜரின் குரல் தழைந்தது. "கிளம்புறப்ப, மாதிரி ஏதாச்சும் வேணுங்களான்னு நானா வாயைக் குடுத்தேன். ஒண்ணு எடுத்துட்டுப் போறேன்னாங்க. பையைத்தான் சொல்றாங்கன்னு தலையாட்டிட்டேனுங்க. அவங்க ஒரு புள்ளையை எடுத்துட்டுப் போயிட்டாங்க."

மதியழகன் போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வெளியே தாழ்வாரத்தில் சிவனம்மாள் பெருக்கிக்கொண்டிருந்தாள். வேப்பமரத்தடியில் அறிவுச்செல்வி உட்கார்ந்து, வெயில் படும்படி முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். இப்போது இடது கையை மறைக்கவில்லை. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் பாதிக்கு மேல் இல்லை.

குழு அவசரமாகக் கூடி, சிவனம்மாளைக் கூப்பிட்டு நிறுத்தியது. விருதுக் குழு வர ஒரு வாரம்கூட இல்லை.

"எந்த அதிகாரத்துல உள்ள போன?" என்றார் ஸ்டான்லி. "அந்தப் பட்டையில என்ன போட்டிருக்குன்னாவது தெரியுமா?"

"எனக்கு வாசிக்கத் தெரியாது சார். அதப் போட்டா கதவத் தெறக்குறான்னு மட்டும் தெரிஞ்சுச்சு."

"அங்க என்னதான் குறை கண்ட?"

"மயங்கி விழுந்த பிள்ளைக்கு ஊசியப் போட்டு, திரும்ப மிஷின் முன்னாடி நிறுத்திருக்காங்க சார். தூக்கக் கலக்கத்துல வெரல உள்ள விட்ருச்சு. வெளிய சொன்னா, கடைசில வர்ற பணம் வராதுன்னு மெரட்டிருக்காங்க. அவ கூட இருக்குற அம்புட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான் இருக்குதுக. ஒருத்தியத்தான் சார் என்னால கூட்டியார முடிஞ்சுது."

"வயசு என்ன?" என்று துணைவேந்தர் கேட்டார்.

"மாசி வந்தா பதினாறு."

மதியழகனின் மகளும் மாசியில் பிறந்தவள்தான். ஆனால் அது நிகழ்ச்சிநிரலில் இல்லை.

அவர் மெதுவாக வாயைத் திறந்தார். "சார், ஆர்டரை வேணும்னா..."

"பை வந்து இறங்கியாச்சு" என்றார் துணைவேந்தர். "விருதும் வந்துக்கிட்டிருக்கு. பொண்ணைத் திருப்பி அனுப்பலேன்னா, ஆளைக் கடத்திட்டோம்னு பேப்பருக்குப் போவேங்கிறான் மில்லுக்காரன். இப்ப நமக்கு வேண்டியது வழி."

வழியைக் கண்டுபிடித்தவர் ஸ்டான்லி. அவர் அறிவுரைஞர் ஆனது சும்மா இல்லை. வழங்குநரிடமிருந்து ஊழியர் யாரும் எந்த அன்பளிப்பும் பெறக் கூடாது என்பது அறநெறிக் கொள்முதலின் அடிப்படை. இங்கே ஒரு ஊழியர், மாதிரி என்று சொல்லி, விலை கொடுக்காமல் ஒன்றைப் பெற்று வந்திருக்கிறார். இது ஊழல். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தீர்மானத்தை வாசிக்கும் பொறுப்பு செயலருக்கு.

மதியழகன் எழுந்து நின்று வாசித்தார். "வழங்குநரிடமிருந்து விலையின்றிப் பெறப்பட்ட பொருளை உடனடியாகத் திருப்பி ஒப்படைக்கவும், பெற்ற ஊழியரைப் பணிநீக்கம் செய்யவும் குழு ஒருமனதாகத் தீர்மானிக்கிறது."

"பொருளுன்னா எது சார்?" என்று சிவனம்மாள் கேட்டாள். "எம்மகளா?"

மதியழகன் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் இன்னும் வரி பாக்கியிருப்பது போல.

சிவனம்மாள் திருப்பி ஒப்படைக்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு தாடிக்கொம்பு பஸ்ஸில் ஏறிப் போனாள். அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறாள் என்றும், அறிவுச்செல்வி விட்ட இடத்திலிருந்து ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள் என்றும் பிறகு கேள்வி. மதியழகன் அதன் பிறகு யார் 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்டாலும் உடனே பதில் சொல்வதில்லை. ஆனால் மில்லுக்கு அடுத்த ஆர்டரைப் போட்டவரும் அவர்தான்.

விருது வந்தது. பட்டம் பெற்றவர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நூல் உறுதி, சாயம் போகவில்லை.

அந்தக் குழுவைக் குறை சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் அந்தக் கூட்டத்தில் சேர மாட்டேன். அறம், மனசாட்சி, பூமி என்று அது எழுதிக் குவித்ததை எல்லாம் விடுங்கள். அந்த மில்லிலிருந்து தாங்கள் வாங்கிக்கொண்டிருந்தது எதை என்று, அந்த ஒரே ஒரு தீர்மானத்தில் கொஞ்சமும் ஒளிக்காமல், ஒற்றைச் சொல்லில் உண்மையைச் சொல்லியிருந்தார்கள்.