பெரிய ஜெராக்ஸின் மூச்சு

அண்ணாமலை நகரில் காற்றை அதிகமாகச் செலவழித்த மனிதர் பெரிய ஜெராக்ஸ்தான். பாதியைப் பாடிச் செலவழித்தார். மீதியைத் தன் கடையின் நாலு படியை ஏறி இறங்கிச் செலவழித்தார்.

ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கடை மிஷின் சின்ன ஜெராக்ஸ், இவர் பெரிய ஜெராக்ஸ். பேர் வைத்தது ஹாஸ்டல் பையன்கள். சொந்த ஊர் கடலூர். குரல் அப்படியொரு குரல். காப்பி எடுக்க வந்தவர்கள் பாட்டில் சொக்கிப்போய், தீசிஸை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் எதிர் லாட்ஜில் குடியிருந்த ஒரு கிளார்க்.

எங்கள் தெரு டாக்டரம்மாவின் எடை மிஷினில் இவர் ஏறியதும் முள் கடைசிக் கோட்டில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டதால், பண்ருட்டிக்குப் போய்ப் பலாப்பழ மண்டித் தராசில் ஏறினார். நூற்றைம்பது கிலோவுக்கு மேல் காட்டியது. மண்டிக்காரர் பழக்கதோஷத்தில், சாக்கு எடையைக் கழித்துவிடட்டுமா என்று கேட்டாராம்.

எடையைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவளை வளர்த்தவர் இவர். நீ மணப்பெண்ணாக மாதா கோவிலுக்குள் நுழையும்போது மேலே பாடகர் மாடியிலிருந்து நான்தான் பாடுவேன் என்று, அவள் ஒண்ணாங் கிளாஸ் படிக்கும்போதே வாக்குக் கொடுத்திருந்தார். கடலூரில் அவர்கள் கோவிலில் அந்த மாடிக்குப் போவது, சுவருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஏறும் ஒடுக்கமான படிக்கட்டு. அவர் அதில் ஏறி வருஷக்கணக்காகிவிட்டது. கீழேயே மைக் வைத்துத் தருகிறோம் என்றார்கள். மனிதர் கேட்கவில்லை.

உடனே உடம்பைக் குறைத்தாக வேண்டும் என்று, விடியற்காலையில் ஓடும் விளையாட்டுப் பையன்களோடு சேர்ந்து ஓடினார். போஸ்டாபீஸ் வரைக்கும் ஓடினார். திரும்பி வந்தது காய்கறி ஏற்றும் ட்ரைசைக்கிளில். முட்டி வீங்கி, ஒரு வாரம் படுத்து, அந்தத் துக்கத்தில் பரோட்டாவாகச் சாப்பிட்டு, முன்னைவிடக் கூடுதலாகவே எடை போட்டார்.

டாக்டரம்மா சத்தம் போட்டார். "இந்த உடம்புக்கு ஓட்டம் வேணாம், நடங்க. நடக்கச்சே பேச முடியணும், பாட முடியக் கூடாது. பேச்சு வரலன்னா வேகம் ஜாஸ்தி. பாட்டு வந்துச்சுன்னா வேகம் பத்தல."

பாடியே பிழைக்கிற ஜீவனிடம் சொல்கிற வைத்தியமா இது? பேச்சுத் துணைக்கு என்னைப் பிடித்துக்கொண்டார். எனக்கு எட்டு மணிக்கு முன்னால் விடிகிற வழக்கமே கிடையாது. அதனால் அந்த மாதங்கள் பாதிக் கனவாகத்தான் ஞாபகமிருக்கின்றன. மார்கழிப் பனியில் சைக்கிள் மணி முதலில் வரும், சைக்கிள் அப்புறம் வரும். பக்கத்தில் ஒரு பெரிய வெள்ளைச் சட்டை மெதுவாக மிதந்துகொண்டிருக்கும். வடலூர்ச் சாம்பாரின் ருசியை அவர் வர்ணித்துக்கொண்டே வர, நான் தூங்கிக்கொண்டே உம் கொட்டுவேன். திடீரென்று பாட்டு கிளம்பும்.

"பாடாதீங்கண்ணே."

"பாடல மச்சான், செக் பண்றேன்."

பாட்டு வந்தால் வேகத்தைக் கூட்ட வேண்டும். பாட்டு அறுந்ததும் அந்த வேகத்தை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் அடுத்த விளக்குக் கம்பத்துக்குள் அறுந்துபோனது. வெய்யில் காலம் வந்தபோது அதே வேகத்தில் முழுச் சரணமும் பாடினார். எடை என்னவோ பேருக்குத்தான் இறங்கியிருந்தது, மூச்சு நன்றாக நீண்டிருந்தது. கடைப் படியை நடுவில் நிற்காமல் ஏறினார். டாக்டரம்மாவுக்கு அதுவே பெரிய திருப்தி. பாட்டை நிறுத்த இன்னும் வேகமாக நடக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் பெரிய ஜெராக்ஸின் புகார்.

வைகாசியில் கல்யாணம். கோவில் படிக்கட்டில் பேசிக்கொண்டே நிதானமாக ஏறுவது, துணைக்குப் பின்னால் நான் வருவது என்று ஏற்பாடு. அவர் சறுக்கினால் என் கதி என்ன என்று யாரும் யோசிக்கவில்லை. ஏறத் தொடங்கியபோதே பெண் வரும் கார் வந்துவிட்டது. ஹாரன் காதில் விழுந்ததும் டாக்டரம்மா சொன்னதெல்லாம் பறந்துபோய், மனிதர் தடதடவென்று ஏறினார். பாதிப் படியில் நின்றுவிட்டார். மேலேயும் போக முடியவில்லை, நான் இருந்ததால் கீழேயும் வர முடியவில்லை. மாடியில் கீபோர்டு ஆரம்பித்துவிட்டது.

"அண்ணே, பேச முடியுதா?"

மூச்சுதான் இரைத்தது. எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. கீபோர்டுக்காரர் ஆரம்ப இசையையே திரும்பத் திரும்ப வாசித்தார். வாசலில் மாமா கையைப் பிடித்து நின்ற தங்கை, அடி எடுத்து வைக்க மாட்டேன் என்றுவிட்டாளாம். "அண்ணன் பாடட்டும், அப்பறம் வரேன்" என்றாளாம்.

கொஞ்ச நேரத்தில் இரைப்பு தணிந்தது. சுவரில் கையை ஊன்றி, நின்ற இடத்திலேயே ஆரம்பித்தார். ஒரு வரி, ஒரு மூச்சு, அடுத்த வரி. எல்லாரும் மாடியை அண்ணாந்து பார்த்தார்களாம். அங்கே அவர் இல்லை, சுவர் பாடிக்கொண்டிருந்தது. வரிக்கு ஓர் அடியாக அவள் நடந்தாள். பீடத்துக்கு வந்து சேர அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட மணப்பெண்ணை அந்தக் கோவில் பார்த்ததே இல்லையாம். மாப்பிள்ளை இரண்டு தரம் முகத்தைத் துடைத்துக்கொண்டாராம்.

இதெல்லாம் மற்றவர்கள் பிறகு சொன்னது. இருட்டுப் படிக்கட்டில் எனக்குத் தெரிந்தது, வியர்வையில் தொப்பலாக நனைந்து, ஒவ்வொரு வரிக்கும் ஏறி இறங்கிய அவர் முதுகு மட்டும்தான். அந்தக் கல்யாணத்தில் வேறெதையும் நான் பார்க்கவில்லை. நான் பார்த்த கல்யாணங்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.