மாறாது என்று கட்டிவைப்பவர்

'அது மாறாது' என்று சொல்லும் ஓர் இனம் உலகில் உண்டு. வெள்ளவத்தை மென்பொருள் அலுவலகங்களில் அது நன்றாகவே தழைக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள்: காலி வீதி பஸ்ஸில் அதே யன்னலோரம், அதே கடையில் அதே உளுந்து வடை, இன்றைக்கு மரக்கறி றோல்ஸ் நன்றாக வந்திருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால் முகத்தில் ஒரு துக்கம்.

இவர் கையில் ஜாவா என்ற நிரல்மொழியைக் கொடுத்துப் பாருங்கள். அதில் எழுதும் நிரலுக்கு அடித்தளமாகச் சட்டகம் என்று ஒன்று உண்டு; அது தருவது ஒரு வசதி. ஒரு பெயரையும் அதற்குரிய பெறுமானத்தையும் ஓரிடத்தில் கட்டிவைத்தால், நிரலில் கேட்கிற பகுதிக்கெல்லாம் சட்டகமே கொண்டுபோய்க் கொடுத்துவிடும். பெறுமானத்தை வெளியே ஒரு கோப்பில் வைத்தால் யாரும் திருத்தலாம். யாருமா? நம்மவருக்கு உடம்பு கூசும். எல்லாவற்றையும் நிரலுக்குள்ளேயே மாறிலியாக இறுகக் கட்டிவிடுவார்.

தனஞ்சயன் அப்படிப்பட்டவர். கொட்டாஞ்சேனையில் கேக் கடை நடத்தும் மாக்ரெட்டுக்கு ஓடர் எடுக்கும் செயலி செய்துகொடுத்தபோது, கடை பூட்டும் நேரம் மாலை ஆறு என்று கட்டினார். அது மாறினால் என்ன செய்வது என்று பக்கத்து மேசை யதுஷா கேட்டாள். அவளுக்கு வேலை புதிது.

"அது மாறாது, தங்கச்சி."

நத்தார்ப் பண்டிகை வந்தது. மாக்ரெட் வருடம் முழுவதும் காத்திருப்பது அந்த வாரத்துக்காகத்தான். அலுவலகத்துக்குப் போன் எடுத்தார்; யதுஷாதான் பேசினாள்.

"பிள்ளை, நாங்கள் இரவு பத்து மணிவரைக்கும் திறந்திருக்கிறம். உங்கட சிஸ்ரம் ஆறு மணிக்கே கடையைப் பூட்டுது."

தனஞ்சயனோ யாழ்ப்பாண ரயிலில், போன் எட்டவில்லை. யதுஷா நிரலைத் திறந்தாள். மூத்தவர் எழுதிய வரியை அழிப்பது மரியாதையா? அழிக்காமல், அதன் கீழே அதே பெயருக்குப் பத்து மணி என்று இன்னொன்றைக் கட்டினாள். ஒரு பெயருக்கு இரண்டு பெறுமானம் என்றால் சட்டகம் ஒத்துக்கொள்ளாது. செயலி அடியோடு படுத்துவிட்டது. அது எழும்புவதற்குள் மாக்ரெட்டின் வாடிக்கையாளர்கள் வேறு கடைகளில் கேக் வாங்கிவிட்டார்கள். அவரை நினைக்க எனக்கு உண்மையிலேயே மனம் நொந்தது.

தனஞ்சயன் கெட்டவர் அல்ல. திரும்பி வந்ததும் மாக்ரெட்டுக்குப் போன் எடுத்து மனதார மன்னிப்புக் கேட்டார். ஆறை அழித்தார். அதே இடத்தில், அதே இறுக்கமாக, பத்தைக் கட்டினார்.

"இனி மாறாது, அன்ரி."

தை பிறந்தால் பழையபடி ஆறு மணிதான் என்று மாக்ரெட் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தனஞ்சயன் போனை வைத்துவிட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்துக்கொண்டே ஒன்று சொல்லுங்கள்: உங்கள் மகளுக்கு எந்தக் கேக் பிடிக்கும்? பாருங்கள், கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அதை அவளிடம் கடைசியாக எப்போது கேட்டீர்கள்?